காலில் வளையமுள்ள குருவி

அன்பு மகள் மார்விக்குக்கு, உன் அப்பா விஸ்டின் சொல்லத் தங்கை ரோடியான் எழுதுவது. மாதா தயவில் இங்கே அம்மா, நான், தங்கை, கூண்டுக் குருவிகள் எல்லோரும் சுகம். லக்சம்பர்க் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, அங்கே மீன் என்று விற்பதை நம்பி வாங்காதே, அம்மா லம்பூக்கி மீனை மாவில் வைத்துச் சுடும்போதெல்லாம் உன்னை நினைத்து ஒரு துண்டு அதிகம் சாப்பிடுகிறேன்.

நம் தெருமுனையில் நட்சத்திரம் போட்ட நீலப் பலகை வைத்திருக்கிறார்கள், இந்தச் சாலை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியால் போடப்பட்டது என்று. பலகை வந்து நாளாகிறது, சாலையைத்தான் காணோம். மதுக்கடை நேனுவிடம் சொன்னால், “விடுங்கண்ணே, நாய்க்கு நிழலாவது ஆச்சே” என்கிறான். மால்டா ஒன்றியத்தில் சேரலாமா என்று வாக்கெடுத்தபோது நான் கூடாது என்று போட்டேன், உன் அம்மா சேரலாம் என்று போட்டாள், ஒரு வாரம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. இப்போது நீ அவர்கள் சம்பளத்தில் இருக்கிறாய், நான் அவர்கள் சட்டத்தில் இருக்கிறேன். அந்தச் சட்டங்களை நம் மொழியில் எழுதுவதே என் மகள்தான் என்று கடையில் பெருமையாகச் சொல்கிறேன், யாரும் அவற்றைப் படிப்பதில்லை, ஆகவே உனக்குக் கெட்ட பெயரும் இல்லை.

வலை போட்டுப் பாட்டுக் குருவி பிடிக்கக் கூடாது என்று ஒன்றியத்து நீதிமன்றம் சொன்னது உனக்குத் தெரியும். நம்மவர்கள் அதற்கும் வழி கண்டார்கள், பிடிக்கத்தான் கூடாது, ஆராய்ச்சி செய்யலாமாம். ஆகவே நான் இப்போது ஆராய்ச்சியாளன், பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்த நேனுவும் ஆராய்ச்சியாளன். வலையில் விழுந்த குருவியின் காலில், அது எங்கிருந்து வருகிறது என்று அறிய வெளிநாட்டில் மாட்டிய வளையம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன் எண்ணைத் தெரிவிக்க வேண்டும், இருந்தாலும் இல்லாவிட்டாலும் குருவியைப் பறக்கவிட வேண்டும். இதுவரை வளையத்தோடு ஒன்றும் விழவில்லை. வளையம் இல்லாதவை எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் ஒன்றியத்து அதிகாரிகள் நாங்கள் வலை போடும் பாறைமேட்டுக்கே வருகிறார்கள். “ஒரு வளையமாவது காட்டலேன்னா வலையைச் சுருட்டிக்கிட்டுப் போயிருவானுங்கண்ணே” என்று நேனு புலம்புகிறான். நீ அங்கேயே இருப்பதால் ஒரு சின்ன உதவி மகளே. குருவிக் காலுக்கு மாட்டும் எண் பொறித்த வளையம் ஒன்று வாங்கி, கேக் டப்பாவில் வைத்து அனுப்பு. நம் வீட்டு ஆண் குருவிக்கு மாட்டி, அவர்கள் வரும் காலையில் வலைக்குள் விட்டுவிடுகிறேன். வளையம் அவர்களுடையது, குருவி நம்முடையது, ஒற்றுமை என்றால் இதுதானே. இதைப் போனில் சொல்ல மாட்டேன், ஒட்டுக்கேட்பார்கள்.

அக்கா, இதுவரை அப்பா சொன்னது. இனி நான் ரோடியான். அப்பா தூங்குகிறார், இரவானால் என் போனை வாங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார், அதனால் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பயம்தான் காரணம். வளையத்தை அனுப்பாதே. அப்பா ஏற்கெனவே கடையில், “ஒன்றியத்து ஆபீஸ்லேருந்து எம்பொண்ணே அனுப்புறா, இதைவிட அசல் வேணுமாடா?” என்று சொல்லிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்களாம். அப்படிப்பட்ட பேச்சு அதிகாரிகள் காதுக்குப் போகாதா? போனால் உன் வேலை என்ன ஆகும்? அம்மாவிடம் சொன்னேன். அம்மா மாவு பிசைவதை நிறுத்தாமல், “வேலை போனா வீட்டுக்காவது வருவாளேடி” என்றாள். அதைக் கேட்ட பிறகு எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

முடியாது என்று மட்டும் எழுதினால் நான் சொல்லிக்கொடுத்தேன் என்று கண்டுபிடித்துவிடுவார். அதனால் ஒரு வளையம் வாங்க ஒன்றியத்தின் எல்லா மொழிகளிலும் விண்ணப்பம் போட வேண்டும், பதில் வர ஒரு வருடமாகும் என்று எழுது. அப்பா ஒரு சொல்கூடச் சந்தேகப்பட மாட்டார். அதிகாரிகள் வந்து வலையைச் சுருட்டினால் சுருட்டட்டும். தன்னை ஒன்றியம் கெடுத்தது என்று மேசையைத் தட்டிச் சொல்ல ஒரு காரணம் கிடைத்தால் அவர் நூறு வயது இருப்பார். நீ வேலையில்லாமல் இங்கே வந்து என்ன செய்வாய், ஆராய்ச்சியா? அப்பா கையெழுத்துப் போட்ட கடைசித் தாளுக்கு முன்னால் இதைச் செருகி, உறையை இப்போதே ஒட்டிவிடுகிறேன்.

ஆகவே மகளே, ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாதே, மாதா உன்னை நிழலாகக் காக்கட்டும். வளையத்தை மறந்துவிடாதே. அங்கே யாராவது உன்னை ஒரு சொல் கடிந்து பேசினால் உடனே எனக்குத் தெரிவி, அவர்கள் எத்தனை நாடுகள் சேர்ந்திருந்தாலும் சரி, அப்பா புறப்பட்டு வருகிறேன்.

உன் அன்புள்ள அப்பா,
விஸ்டின்