அழிக்க வேண்டிய குரல்

என் செல்ல அம்மாவுக்கு,

அல்சூர் வீட்டில், உன் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எதிரே அப்பா கன்னடப் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். வெகுநேரமாகப் பக்கம் திரும்பவில்லை. அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அது எவ்வளவு வசதி என்று சொல்லி நீ சிரிப்பாய். இன்று எனக்கும் அந்த வசதி வேண்டியிருக்கிறது. இதை அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன். யாருடைய பெயரும் இருக்காது.

பெண்ணியல் படிக்க இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது அத்தை என்ன சொன்னாள், நினைவிருக்கிறதா? "பொம்பளைங்களப் பத்திப் படிக்க ஃப்ளைட் ஏறணுமாடி? இங்க வீடு நிறைய இருக்கோமே!" குழம்பைக் கிளறிக்கொண்டே நீ சொன்னாய்: "இருக்கோம். யாரு கேட்டாங்க?"

முதல் வருடம் வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை. சொல்ல நினைத்ததை மனதுக்குள் அடுக்கி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். வெளியே வந்து, குளிரில் நடந்தபடி, போனில் உன்னிடம்தான் எல்லாவற்றையும் சொல்வேன். வீட்டுவேலையைச் சம்பளமில்லாத உழைப்பு என்கிறார்கள் என்று ஒருநாள் விளக்கினேன். "அதுக்கெல்லாம் பேரு வெச்சிருக்காங்களா?" என்றாய்.

போன விடுமுறையில், இந்த ஊர்த் தமிழ்ப் பெண்களின் கல்யாண வாழ்க்கையைப் பற்றி ஆய்வுக்காகப் பேட்டி எடுக்க வந்தேன். "என்னையும்தான் கேளேன்" என்று நீயே வந்து உட்கார்ந்தாய். உண்மைப் பெயர் போடக்கூடாது என்றதும், "அப்போ ரேவதின்னு வை. சின்ன வயசுல இருந்து அந்தப் பேரு மேல ஒரு ஆசை" என்றாய்.

என் அம்மா ஒருநாளும் சொல்லாததை ரேவதி சொன்னாள். அப்பா கெட்டவர் இல்லை, கை நீட்டியதில்லை. ஆனாலும் அவரோடு வாழ்ந்த வருடங்களைப் பற்றி நீ சொன்னதைக் கேட்டால் அவர் தாங்கமாட்டார். அதை இங்கேயும் எழுதமாட்டேன்.

"எழுதிட்டு இதை அழிச்சிடுவ இல்ல? உங்கப்பா காதுல விழக்கூடாது."

"படிப்பு முடிஞ்சதும் அழிச்சே ஆகணும்மா. ரூல் இருக்கு."

"அப்ப சரி." நிம்மதியாக எழுந்து போனாய். ரூல் என்று ஒன்று உன் பக்கம் நின்றது அதுதான் முதல் தடவையோ?

அப்புறம் நீ போய்விட்டாய். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். ஒலிப்பதிவை அழிக்க வேண்டும். வேறெங்குமே உன் குரல் இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. கல்யாண வீடியோக்களில் எல்லாம் யாருக்காவது பின்னால் நிற்கிறாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பக் கூச்சப்படுவாய். குடும்பம் விரும்பினால் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டுப் பார்க்கலாம் என்கிறார் என் ஆசிரியை. குடும்பம் என்றால் யார் அம்மா? அப்பாதானே?

நீ பேசியது என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியும். வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். "ஸ்வல்ப போடும்மா. ரெண்டு வார்த்த போதும். அவ குரல் மறந்துபோயிடும் போல இருக்கு." லேப்டாப் இங்கிலாந்திலேயே இருக்கிறது என்றேன். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்றேன். போன வாரம் ஒருநாள் உன் நம்பரை டயல் செய்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அணைத்து வைத்திருக்கும் போன். அவருக்குத் தெரியாதா?

அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஆரம்பத்தை மட்டும் போட்டேன்.

ஃபேன் சத்தம். நீ டம்ளரைக் கீழே வைக்கிறாய். "ஓடுதா? இரு இரு. உங்கப்பா வெளிய போயாச்சா, பாரு."

நிறுத்திவிட்டேன். அந்த வரி அங்கே இருந்ததையே மறந்திருந்தேன், அம்மா.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. எழுந்தார், சட்டையை மாட்டிக்கொண்டார், வாசலில் குனிந்து செருப்பைத் தேடினார்.

"போயாச்சுன்னு சொல்லு" என்றார். "அவ பேசட்டும்."

ஏரிப் பக்கம் போனவர் ஒரு கட்டுக் கொத்தமல்லியோடு திரும்பி வந்தார். அதன்பிறகு கேட்கவே இல்லை. அவருக்கு என்ன புரிந்தது? கோபமா? எல்லாம் முன்பே தெரியுமா? இத்தனை படித்துவிட்டு வந்து, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் இருக்கிறேன்.

அழித்துவிடுவேன் அம்மா. சத்தியமாக. எப்படி என்று மட்டும் கேட்காதே. அதற்குமுன் ஒரே ஒரு தடவை, கதவைச் சாத்திக்கொண்டு, கடைசிவரை கேட்பேன். நீ கேட்டதும், "போயாச்சும்மா, நீ பேசு" என்று சொல்வேன்.

உன்னிடம் கேட்க இன்னும் நிறைய வைத்திருக்கும்,
ரேவதியின் மகள்