நானில்லாமல் நீங்கள் இறக்கிய விமானம்

இன்று காலை உங்கள் வீட்டம்மா வந்து ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போனார். மகனோடு இருக்க உடுமலைப்பேட்டைக்குக் குடிபோகிறாராம். பைக்குள் உங்கள் ஜாய்ஸ்டிக். கை வியர்க்கிறதென்று நீங்கள் பிடியில் சுற்றித் தைத்த பனியன் துணி பழுப்பேறியிருந்தது.

அப்போது நீங்கள் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். நான் கோவில்பட்டியிலிருந்து வந்து அதே கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டைப்பெட்டிகளில் வெளிநாட்டு ஊர்ப்பெயர்களை அடிப்பேன். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. அறுபதுகளில் ஓர் அமெரிக்கப் பெண்மணி ஒற்றை எஞ்சின் விமானத்தில் தனியாக உலகைச் சுற்றிய கதையைச் சொல்லி, "அந்தம்மா போன வழியிலயே நாமளும் போலாமுங்க" என்றீர்கள். கம்ப்யூட்டர் விளையாட்டில்தான். ஆனால் அதே சின்ன விமானம், அதே ஊர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் உங்கள் வீட்டில் இந்த ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து நீங்கள் ஓட்டுவீர்கள். நான் மடியில் வரைபடத்தை விரித்துத் திசை சொல்வேன். நடுக்கடலில் கரண்டு போனால், கிளம்பிய ஊரிலிருந்து மறுபடி கிளம்புவோம். அட்லாண்டிக்கில் மட்டும் மூன்று முறை அப்படி. விளையாட்டில் நேரத்தை வேகமாக ஓடவிட்டுச் சீக்கிரம் போய்விடலாமே என்று நான் சொன்னபோது நீங்கள் ஒப்பவில்லை. "அந்தம்மா குறுக்கு வழியில போகலீங்களே." டெல்லியில் இறங்கிய அன்று எழுந்து நின்று எனக்குக் கைகொடுத்தீர்கள். "ரெண்டு பேரும் இருந்தாத்தானுங்க வண்டி கெளம்பும்" என்பது நீங்கள் வைத்த சட்டம்.

பசிபிக்கைத் தாண்டி, கடைசி இறக்கம் மட்டும் பாக்கியிருந்தபோது, கோவில்பட்டியில் என் அம்மா நோயில் படுத்துவிட்டார். ஊரிலிருந்து போன் செய்தேன்.

"நான் வந்துருதேன் அண்ணாச்சி, அதுவரைக்கும் ஓட்டிராதீய."

"நீங்க இல்லாம எப்படிங்க எறக்குவேன்? அம்மாவப் பாருங்க."

இரண்டு வாரம் கழித்துத் திரும்பினேன். கேன்டீனில் மேனேஜர் எல்லோருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். "உலகத்தையே சுத்திட்டோம்! நான்தான் பக்கத்துல உக்காந்து வழி சொன்னேன்." நீங்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

சாயங்காலம் கேட்டேன். "அவரு ஊட்டுக்கு வந்து ஆசையாக் கேட்டாருங்க. மேனேஜர்கிட்ட எப்படி முடியாதுங்கறது?" என்றீர்கள். பிறகு சொன்னீர்கள்: "வெளையாட்டுத்தானுங்களே."

ஒன்பது மாத ஞாயிற்றுக்கிழமைகளும் அந்த ஒரு சொல்லில் போயின. மேனேஜர் கேட்டபோது நீங்கள் மறுக்க முடியாததுகூட எனக்குப் புரிந்தது. எனக்கு விளையாட்டாக இல்லாததை விளையாட்டு என்றீர்களே, அதுதான் தாங்கவில்லை.

அதன்பிறகு ஓராண்டு, வேலைப் பேச்சைத் தவிர உங்களிடம் வேறு பேச்சில்லை. ஒரு வெள்ளிக்கிழமை என் மேசையருகே வந்து நின்றீர்கள். "ஒரு நிமிசம் பேசோணுங்க."

"வேலை கெடக்கு" என்றேன், நிமிராமல். சற்று நின்றுவிட்டுப் போனீர்கள். மறுநாள் காலை, நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்டதாகச் செய்தி வந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருப்பீர்கள் என்கிறாள் என் மனைவி. இருக்கலாம். ஏதோ ஆர்டரைப் பற்றியும் இருக்கலாம். மன்னிப்பாகவே இருந்தாலும் அன்று நான் கொடுத்திருக்க மாட்டேன். இன்றைக்கும் கொடுப்பேனா, தெரியவில்லை. ஆனால் ஒன்று, அதுதான் கடைசி என்று தெரிந்திருந்தால் அந்த ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்த்திருப்பேன்.