அக்டோபரில் வா என்று சொன்னேனே

பூந்தா சலித்ரே
ஆகஸ்ட் 19

அன்பு மகள் ரொசால்பாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஃபிரெஸ்னோவில் நீயும் மாப்பிள்ளை எவரார்தோவும் குழந்தை தாதியோவும் மாதா தயவில் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்குச் சளி விட்டதா? ராத்திரி மின்விசிறியை அவன் முகத்துக்கு நேரே வைக்காதே.

போன வாரம் நீ கூப்பிட்டபோது, மழையில் பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டது, அக்டோபர் கடைசியில் வாருங்கள் என்று சொன்னேனே, அது பொய். பாதை நன்றாகத்தான் இருக்கிறது, நேற்றுகூடத் தண்ணீர் லாரி வந்து போயிற்று. நீங்கள் செப்டம்பர் பத்தாம் தேதிக்கு முன்னால் இங்கே இருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது சுலபம். நீ போன காலத்துப் பாதை இல்லை இப்போது. நெடுஞ்சாலை முக்கில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் பெட்ரோல் என் கடையில்தான், விலை உனக்கே தெரியும். பணமாகவே கொண்டு வாருங்கள், வங்கி அட்டையை இங்கே யாரும் தொடமாட்டார்கள், சில்லறைத் தாளாக இருந்தால் நல்லது. உதிரி டயர் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். மண் பாதையில் இறங்கியதும் டயரில் காற்றைக் குறைக்கச் சொல், மாப்பிள்ளை நகரத்துக்காரர், வெட்கப்பட்டுக்கொண்டு குறைக்காமல் வந்து மணலில் புதைவார். சோதனைச் சாவடியில் சிப்பாய்கள் பையைத் திறக்கச் சொன்னால் சிரித்த முகத்தோடு திறந்து காட்டுங்கள். பகலிலேயே வந்துவிடுங்கள், இருட்டினால் மாடுகள் நடுப்பாதையில் படுத்துக்கிடக்கும். உப்புத்தரை மேலே காய்ந்து வெள்ளையாகத் தெரியும், அடியில் சேறு, ஆகையால் கம்பு நட்ட தடத்தை விட்டு ஒரு சாண் விலகாதீர்கள். உண்மையாகவே மழை பெய்தால் உப்புத்தரைப் பக்கமே போகாமல் குன்றைச் சுற்றி வாருங்கள், அரை நாள் கூடும், உயிருக்கு ஆபத்தில்லை. வழியில் யாராவது சிங்கி இறால் மலிவாகக் கொடுத்தால் வாங்காதே, தடைக்காலம் இன்னும் முடியவில்லை, பிடித்தால் வண்டியும் போகும் பெயரும் போகும்.

இனிமேல் தள்ளிப்போட முடியாது. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கடலுக்குப் போகும் உரிமையுள்ள உன் அப்பாவின் இடத்தை உன் பெயருக்கு மாற்றியதிலிருந்து, ஒவ்வொரு ஜூலைக் கூட்டத்திலும் ஊரில் இல்லாதவர்கள் பெயரை வாசிப்பார்கள், வீட்டு ஆள் எழுந்து "வருவா" என்று சொன்னால் இடம் இன்னொரு வருடம் காத்திருக்கும். நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். இந்த ஜூலையில் தலைவர் கலிக்ஸ்தோ, "எலியோதோரோவோட இடம், மக ரொசால்பா பேர்ல. வருவாளா?" என்று கேட்டார். நான் எழுந்து, "வரமாட்டா, அவ அங்கேயே வேர் விட்டுட்டா. இடத்தை எங்க நிகானோருக்குக் கொடுத்துடுங்க" என்றேன். பின்னாலிருந்து ஒருவன், "அம்பாரோக்கா, கடையில சரக்கு விக்கலேன்னா இப்படித்தான் தள்ளிவிடுவியா?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் மகளே. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் நன்மைக்காகச் செய்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும், பாதி உண்மையும் கூட, அங்கே நல்ல வேலை, பையனுக்குப் பள்ளிக்கூடம், இந்தக் காற்றிலும் உப்பிலும் நீ எதற்கு என்று நினைத்தேன். மறுபாதி என்னவென்றால், உன் சித்தப்பா மகன் நிகானோர் கடலுக்குப் போனால் பெட்ரோலும் கயிறும் என் கடையில் வாங்குவான், சும்மா கிடக்கும் இடத்தால் கடைக்கு ஒன்றும் வராது. வியாபாரிப் புத்தி, பெற்ற மகள் விஷயத்திலும் விட்டுவைக்கவில்லை.

பிறகுதான் நீ கூப்பிட்டாய். மாப்பிள்ளை வேலை பார்க்கும் தொழிற்சாலையை மூடப்போகிறார்கள், ஊருக்கே வந்து படகு இறக்கலாமா என்று யோசிக்கிறோம், ஒரு தடவை வந்து பார்க்கிறோம் என்றாய். "அப்பாவோட இடம் இன்னும் என் பேர்லதானேம்மா இருக்கு?" என்று கேட்டாய். நான், "தாதியோவைப் பேசச் சொல்லு, அவன் குரலைக் கேக்கணும்" என்றேன். குழந்தை ஏதோ நாய்க்குட்டிக் கதை சொன்னான், ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. அதற்கப்புறம்தான் அந்த அக்டோபர் பொய். பத்தாம் தேதி இரண்டாவது கூட்டம். அன்றைக்குத்தான் ஜூலையில் பேசியதைப் பதிவு செய்வார்கள், அது முடிந்துவிட்டால் மாற்ற முடியாது. நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், அம்மா என்ன செய்வாள் என்று கையை விரித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

இன்றைக்குக் காலையில் நிகானோரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கடற்கரையில் இறால் கூண்டுகளுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தான், பாவம், அவனுக்கு மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். தூரிகையைக் கீழே வைக்காமலே, "பெரியம்மா, செத்துப்போன பேட்டரியைப் புதுசுன்னு என் தலையில கட்டினீங்க, திருப்பிக் கொண்டுவந்தப்போ மாத்திக் கொடுத்தீங்க. இதை எப்படி மாத்துவீங்க?" என்றான். அடுத்த கூண்டை இழுத்து வைத்துக்கொண்டே, "அக்கா நேர்ல வந்து கேட்டா விட்டுக்கொடுக்கிறேன். நீங்க சொன்னா விட்டுக்கொடுக்கமாட்டேன், உங்க பேச்சை இனிமே எடைபோட்டுத்தான் வாங்கணும்" என்றான். அவனும் உன்னைப் போலவே என்னால்தான் ஏமாந்து நிற்கிறான். நீ இடத்தைக் கேட்டால் உன் படகில் அவனுக்குப் பங்கு கொடுக்க முடியுமா என்று யோசித்துப் பார், இது கட்டளை இல்லை, கட்டளையிடும் யோக்கியதை எனக்கு இப்போது கிடையாது.

அலைச்சறுக்கு விளையாட வந்த இரண்டு கலிபோர்னியாப் பையன்கள் நாளை வடக்கே திரும்புகிறார்கள், எல்லை தாண்டியதும் இதைத் தபாலில் போடுவார்கள். தொலைபேசியில் சொல்ல நினைத்தேன், உன் குரலைக் கேட்டதும் மறுபடியும் குழந்தையைப் பேசச் சொல்லியிருப்பேன்.

மாதா உங்கள் மூவரையும் வழியெல்லாம் காப்பாற்றட்டும். குழந்தைக்குத் தொப்பியும் நிறையத் தண்ணீரும் எடுத்துக்கொள். வந்தவுடன் என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், படுக்கை தயாராக இருக்கும், அவரைக்காயும் ரொட்டியும் அடுப்பில் இருக்கும். ஜூலையில் சொன்னது உன் வார்த்தை இல்லை, என்னுடையது என்று பத்தாம் தேதி எல்லார் முன்னாலும் எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அதற்கப்புறம் கலிக்ஸ்தோ உன் பெயரை வாசிப்பார். இருக்கிறேன் என்றாலும் சரி, எனக்கு வேண்டாம் என்றாலும் சரி, பதிலை நீ சொல். நான் வாயைத் திறக்கமாட்டேன்.

உன் அம்மா,
அம்பாரோ