பிளாரன்ஸின் குறுக்குக் கோடுகள்

தூத்துக்குடி
ஜூலை 11, வெள்ளிக்கிழமை

அன்புள்ள பிளாரன்ஸுக்கு,

ரோச் எழுதுவது. நானும் ஜெமிமாவும் மாதா தயவில் சுகமாக இருக்கிறோம். அந்தமானில் மழை விடாமல் பெய்வதாகச் சொன்னாய். ஈரத் துணியோடு நின்று வேலை பார்க்காதே. உனக்குச் சளி பிடித்தால் லேசில் போகாது.

தினமும் போனில் பேசுகிற மனிதன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நான் ஒழுங்காகப் பேசுவதில்லை. நீ ஒன்று சொன்னதும் எனக்குக் கோபம் வரும், இல்லாவிட்டால் கோபம் வந்த மாதிரி நடிப்பேன். அதனால்தான் தாளை எடுத்தேன். இதுவும் மூன்றாவது தாள். முதல் இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஜெமிமா கணக்கில் எழுபத்தெட்டு வாங்கியிருக்கிறாள். நான் வைக்கிற மீன் குழம்பைப் பார்த்து, "அப்பா, இதுல மீனு குளிச்சிட்டுப் போயிருக்கு, அம்புட்டுதான்" என்கிறாள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகளெல்லாம் கடலுக்குப் போய்விட்டதால் பெயின்ட் வேலை குறைவு. மனுவேல் மட்டும் தன் புது வள்ளத்துக்குப் பேர் எழுதச் சொல்லியிருக்கிறான். அடிக்கிற காற்றில், எழுத்து காயுமுன் மணல் வந்து ஒட்டிக்கொள்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அழுதாய். "ஜீவமணி மேடம் இன்னும் ஒரு வருசம் இங்கயே இருந்து படம் வரையச் சொல்லுதாங்க. ஆனா உங்க மனசுல சந்தேகம் இருந்தா எனக்கு இந்த வேலையே வேண்டாம், கெளம்பி வந்துருதேன்" என்றாய். நான், "அப்ப வந்துரு" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன்.

அந்தச் சந்தேகம் பொய், பிளாரன்ஸ். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் என் பக்கத்தில் என்ன நடந்தது என்று தெரியாது. போன வருடம், கடல் உயிர்களை ஆராய்ச்சி செய்கிற ஜீவமணி மேடம் என் கடையைத் தேடி வந்தார்கள். கடல் அட்டையும் சங்கும் வலையில் ஏறினால் எது எந்த வகை என்று மீனவர்கள் பார்த்ததும் தெரிந்துகொள்கிற மாதிரி ஒரு படப்புத்தகம் போடப் போவதாகச் சொன்னார்கள். மார்க்கெட் சுவரில் நான் வரைந்த மீன்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். வெள்ளரிக்காய் மாதிரி உருண்டு கிடக்கிற கடல் அட்டை ஒன்றை நான் வரைந்து கொடுத்தேன். மேடம் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். "அண்ணாச்சி, கோடு ரொம்ப சுத்தமா இருக்கு. ஆனா தட்டையா இருக்கே, சப்பாத்தி மாதிரி" என்றார்கள். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் என்னை ஆர்ட்டிஸ்ட் என்று கூப்பிடுகிறார்கள். அதுவரை யாரும் என் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னதில்லை.

மேடம்தான் அந்தக் குறுக்குக் கோட்டுப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஓரத்தை வரையக் கூடாது. பொருளின் மேல் ஒரு எறும்பு இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் எந்த வழியாகப் போகுமோ, அந்த வழியைத்தான் வரைய வேண்டும். மேடு வந்தால் கோடு வளையும், பள்ளம் வந்தால் உள்ளே இறங்கும். அப்படி அடுத்தடுத்துப் போட்டால் உருவம் தானாக எழுந்து நிற்கும். கேட்கும்போது சுலபமாக இருந்தது.

நான் கத்தரிக்காயை மேஜையில் வைத்து வரைந்துகொண்டிருந்தேன். நீ குழம்புக்கு அதைக் கேட்டு வந்தாய். கொஞ்சம் பொறு என்றேன். நின்றுகொண்டே பார்த்த நீ, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சும்மா வரைந்தாய். அதற்கு முன்னால் காயைக் கையில் எடுத்து ஒரு தடவு தடவினாய். உன் கத்தரிக்காய்க்கு வயிறு இருந்தது. என்னுடையதில் கோடுகள் ஏணிப்படி மாதிரி நேராகக் கிடந்தன.

நான் சிரித்து, "பரவாயில்லயே ஏளா" என்றேன். என் தாளை மட்டும் கவிழ்த்து வைத்தேன்.

அதன் பிறகு நீ கையில் கிடைத்ததையெல்லாம் வரைந்தாய். மிளகாய், மாங்கொட்டை, இஞ்சி, ஜெமிமாவின் குதிகால். கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருடம் முத்தையாபுரம் மீன் கம்பெனியில் கணவாய் மீன் சுத்தம் செய்த கை அது. எந்த இடத்தில் உப்புகிறது, எங்கே வழுக்கி இறங்குகிறது என்று அந்த விரல்களுக்குத் தெரிந்திருந்தது. நான் கடையைப் பூட்டிக்கொண்டு மாங்காயில் ரப்பர் பேண்டு மாட்டிப் பார்த்தேன். உன் வளையல்களை எடுத்துப் போய் என் கையிலேயே போட்டு, அவை எப்படி வளைகின்றன என்று பார்த்தேன். பார்க்கும்போது புரியும், பென்சிலை எடுத்தால் கோடு படுத்துவிடும். அந்த நாட்களில்தான் குழம்பில் உப்பில்லை, சட்டையில் கறை போகவில்லை என்று உன்மேல் விழுந்தேன். உப்பும் கறையும் சரியாகத்தான் இருந்தன.

கடைசியில் நான் செய்தது உனக்குத் தெரியும். நீ வரைந்த கடல் அட்டையின் மூலையில் என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். மேடம் இனிப்போடு வீட்டுக்கே வந்து, அந்தத் தாளை உன் முன்னால் விரித்து, "உங்க வீட்டுக்காரர் பெரிய கலைஞர்மா" என்றார்கள். நீ தாளைப் பார்த்தாய், கையெழுத்தைப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை. "ஆமா மேடம், அவுக ஒரு வாரமா இதே வேலையாத்தான் இருந்தாக" என்றாய்.

நீ என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் உன்னிடம் சண்டை போட்டிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். நீ காப்பாற்றினாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மேடம் பையிலிருந்து ஒரு சங்கை எடுத்து வைத்து, நான் எப்படி ஆரம்பிக்கிறேன் என்று பார்க்க ஆசை என்றார்கள். நான் பென்சிலை எடுத்து என் வழக்கப்படி முதலில் வெளிக்கோட்டைப் போட்டேன். மேடம் கடல் அட்டைத் தாளையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அந்தத் தாளில் வெளிக்கோடே இல்லையே. பிறகு உன் சுண்டுவிரல் ஓரத்தில் இருந்த பென்சில் கரியைப் பார்த்தார்கள். சங்கை உன் பக்கம் நகர்த்தி வைத்தார்கள்.

நீ வரைந்தாய். நான் காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரியில் அந்தப் புத்தகத்துக்கு வரைய மேடத்தோடு நீ அந்தமானுக்குப் புறப்பட்ட அன்று திரேஸ்புரத்தில் அவசர வேலை என்று சொல்லி ஸ்டேஷனுக்கு வரவில்லை. வேலை எதுவும் இல்லை. கடையில் ஸ்டூலைப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஜெமிமாதான் உன் பெட்டியைத் தூக்கி ஏற்றியிருக்கிறாள். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது அந்தக் கை விஷயம். போன மாதம் நீ வரைந்த படத்தை போனில் அனுப்பினாய். ஒரு ஆணின் கை, அதில் ஒரு கடல் அட்டை. விரல் முட்டியில் கோடு ஏறி இறங்கி, நரம்பின் மேல் தாவி, உள்ளங்கைப் பள்ளத்தில் போய் விழுந்தது. பக்கத்தில் நின்ற மனுவேல் எட்டிப் பார்த்து, "ஏலே ரோச், யாரு கைலே இது? ஒம் பொண்டாட்டி ரொம்பத்தான் உத்துப் பாத்திருக்கா" என்று சிரித்தான். என் முகம் மாறியதைப் பார்த்து, அவன் பேச்சுத்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டான். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. பொண்டாட்டி மேல் சந்தேகம் என்றால் ஊரில் நாலு பேர் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்வார்கள். பொண்டாட்டியின் கோடு தன் கோட்டைவிட நன்றாக இருக்கிறது என்று ஒருவன் குமைந்தால் அவனை யாரிடம் போய் உட்கார வைப்பது?

அதனால் உன்னிடமும் அதையே கேட்டேன், அந்தக் கை யாருடையது என்று. அங்கே கடலில் முக்குளிக்கிற முத்துச்செல்வம் அண்ணாச்சி, வயது அறுபத்தொன்று, பேரன் பேத்தி எடுத்தவர் என்று நீ படபடத்துச் சொன்னாய். மறுநாள் அவர் போட்டோவையும் அனுப்பினாய். நான் நம்பாத மாதிரியே இருந்தேன். உண்மையில் நீ சொல்லுமுன்பே எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அந்தக் கை யாருடையதாக இருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. அதன் மேல் போன கோடு உன்னுடையது, அதுதான் என்னைக் குத்தியது.

இதை ஒளித்து வைத்துக்கொண்டு, ஒரு பொய்யான சந்தேகத்தைச் சாக்காக வைத்து, உன்னை அங்கிருந்து இழுத்துக்கொண்டு வரப் பார்த்தேன். நீயும் வருகிறேன் என்றுவிட்டாய். நான்கு நாளாக அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஐந்தாவது நாள் ஜெமிமா கேட்டாள், "அம்மா வந்தா அப்புறம் வரைவாங்களாப்பா?" என்று. நீ வந்தால் வரைய மாட்டாய் என்று எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்துப் பார்த்தே நிறுத்திவிடுவாய்.

ஆகவே வராதே. ஒரு வருடம் என்றால் ஒரு வருடம் இரு. மேடத்திடம் இன்றைக்கே சொல்லிவிடு. அந்த முதல் கடல் அட்டைப் படத்தில் இருக்கிற என் கையெழுத்தை அழித்துவிட்டு உன் பேரைப் போடச் சொல்லி நானே மேடத்துக்கு எழுதிவிட்டேன். ஜெமிமாவைப் பற்றிக் கவலைப்படாதே. டிசம்பர் லீவில் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், நீ சரி என்று சொன்னால்.

பொறாமை போய்விட்டது என்று எழுத மாட்டேன். இந்த வரியை எழுதும்போதுகூட இருக்கிறது.

நான் வரைந்த ஒரு தாளை இதோடு வைத்திருக்கிறேன். பனங்கிழங்கு. போன மாதத்திலிருந்து இது இருபதாவது. எங்கெங்கே தட்டையாகக் கிடக்கிறதோ அங்கெல்லாம் உன் கையால் திருத்தி அனுப்பு. வேறு யார் திருத்தினாலும் எனக்கு வலிக்கும். நீ திருத்தினால் இன்னும் கூடுதலாக வலிக்கும். இருந்தாலும் நீயே திருத்து பிளாரன்ஸ், வேறு யாரிடமும் கொடுத்துவிடாதே.

மாதா உன் கண்ணையும் கையையும் காக்கட்டும்.

உன்,
ரோச்