முப்பத்தொண்டு முடிய முன்னம் வந்த அழைப்பு

என்ர வதனிக்குட்டி,

நீ கண்ணை மூடிப் பத்து வருசமாகப் போகுது. உனக்கு ஒரு கடிதம் எழுதுவம் எண்டு எத்தினையோ தரம் பேனையை எடுத்தனான். ஒவ்வொரு தரமும் ஒரே இடத்திலை வந்து கை நிண்டுபோடும். அந்த இடத்தைச் சொல்லாமல் உனக்கு வேறை என்னத்தை எழுதுறது? போன கிழமைதான் அதுக்கு ஒரு முடிவு வந்தது. நெஞ்சிலை கிடந்த பாரம் இறங்கிப்போச்சு, வதனி. அதுதான் ஆற அமர இருந்து எழுதுறன்.

இதை எங்கட தமிழ்ப் பத்திரிகையிலை போடக் குடுக்கப்போறன். உன்ர அண்ணிக்கு விருப்பமில்லை. "வீட்டுக் கதையை ஏன் ஊருக்குச் சொல்லுறியள்?" எண்டு ஏசினவ. ஆனால் நீ போன பிறகு ஒரு நாள் நான் "சனம் என்ன சொல்லும்" எண்டு கத்தினனான், அதைக் கீழை சொல்லுறன். அந்தச் சனமும் இதை வாசிக்கட்டும்.

வாசிக்கிற ஆக்களுக்கு விளங்கோணும் எண்டபடியால் உனக்குத் தெரிஞ்சதையும் கொஞ்சம் சொல்லுறன், கோவிக்காதை. நீயும் நானும் சென்ட் லோரன்ட்டிலை ஒரே பக்டரியிலை வேலை செய்த காலம். அங்கை சாமான் ஏத்த வாற லொறிக்காரன் நிக்கோவை நீ விரும்பினாய். கிரேக்கப் பெடியன். நான் துள்ளிக் குதிச்சன். "தமிழ்ப் பெடியள் ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?" எண்டு கேட்டன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆத்துக்கு அங்காலை லவாலுக்குப் போனாய். உங்கட கலியாணம் தேவாலயத்திலை நடந்த அண்டு நான் ஓவர்டைம் செய்தனான். ஒருத்தரும் வேலைக்கு வரச்சொல்லிக் கேட்கேல்லை, நானாப் போய் நிண்டு செய்தனான்.

ஒன்பது வருசம் உன்னோடை ஒரு கதையும் இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை காலமை போன் அடிச்சாய். சுகம்கூடக் கேட்கேல்லை. "அண்ணா, நிக்கோ வேலைக்குப் போட்டார், காரும் அவரோடை. பிள்ளைக்குப் பத்து மணிக்கு மட்ச் இருக்கு. கொண்டுபோய் விடுவியளே?" எண்டாய். என்னவோ நேற்றும் கதைச்ச மாதிரி! நான் "எங்கை வரோணும்?" எண்டு மட்டும் கேட்டன். உன்ர வீட்டு விலாசம் எனக்குத் தெரியாது எண்டது அப்பதான் எனக்கே உறைச்சது.

முழங்கால் வரைக்கும் சொக்ஸை இழுத்துவிட்ட ஒரு எட்டு வயசுக் குஞ்சு காருக்குள்ளை ஏறி "போன்ஜூர் மாமா" எண்டு பிரெஞ்சிலை சொல்லிச்சுது. அதுதான் சோயி. சண்டையைப் பற்றி நீயும் கதைக்கேல்லை, நானும் கதைக்கேல்லை. அடுத்த சனிக்கிழமையும் வந்தன், அதுக்கடுத்ததும் வந்தன். பனிக்காலத்திலை கூரை போட்ட மைதானம், வெயில் காலத்திலை வெளி மைதானம் எண்டு என்ர பழைய கார் லவால் முழுக்க ஓடிச்சுது.

எனக்கு இந்த உதைபந்தாட்டத்திலை ஒரு மண்ணும் விளங்காது எண்டது உனக்குத் தெரியும். கரையிலை நிண்டு "அடி பிள்ளை, அடி!" எண்டு தமிழிலை கத்துறதுதான் என்ர வேலை. ஒரு நாள் திரும்பி வரேக்கை அவளிட்டைக் கேட்டன், "கோலுக்குக் கிட்டப் போய்ப்போட்டு ஏன் பிள்ளை பந்தை மற்றவளுக்குக் குடுக்கிறாய்? உனக்கு அடிக்கத் தெரியாதே?" எண்டு. அவள் பெரிய மனுசி மாதிரிச் சொன்னாள், "மாமா, நான் நடுவிலை நிக்கிறவள். பந்து எங்கை போகோணுமெண்டு பாக்கிறதுதான் என்ர வேலை." நீ முன் சீட்டிலை இருந்து வயிறு நோகச் சிரிச்சாய். அந்தச் சிரிப்பு இன்னும் காதிலை கிடக்கு.

பத்தொன்பது வயசிலை அவளை ஏதென்ஸிலை ஒரு கழகம் எடுத்தது. நிக்கோவின்ர தாய் வீட்டிலை நிண்டு விளையாடினாள். இரண்டு வருசம் போக உனக்கு வருத்தம் முத்தி, அவள் ஓடி வந்தாள். நீ கண்ணை மூடேக்கை அவளின்ர கை உன்ர கையிலைதான் இருந்தது. அது வரைக்கும் உனக்குத் தெரியும். இனி நான் சொல்லப்போறதுதான் உனக்குத் தெரியாதது.

பதினோராம் நாள். உங்கட வீட்டுக் குசினியிலை எல்லாரும் நிக்கிறம். ஏதென்ஸிலை இருந்து நிக்கோவின்ர தமையன் செய்தி அனுப்பியிருந்தார், சோயியின்ர பேரைத் தேசிய அணியிலை போட்டிருக்கினமாம். கிரேக்க நாட்டுக்கு! இரண்டு கிழமையிலை மட்ச். நிக்கோ போனைக் கையிலை வைச்சுக்கொண்டு அழுறதோ சிரிக்கிறதோ எண்டு தெரியாமல் நிண்டான். சோயி பிரிட்ஜிலை சாய்ஞ்சுகொண்டு நிண்டவள். நான்தான் வாயைத் திறந்தன்.

"தாய் செத்து முப்பத்தொண்டு முடியேல்லை. துடக்கு வீட்டிலை இருந்து பந்தடிக்கப் போறதோ? சனம் என்ன சொல்லும்?" எண்டு கத்தினன். நிக்கோ போனை மேசையிலை கவிட்டு வைச்சான். அவையின்ர சமயத்திலையும் நாற்பதாம் நாள் கோதுமை அவிச்சுப் பூசை இருக்கு எல்லே, அவனுக்கும் எது சரி எண்டு தெரியேல்லைப் போல. சோயி பிரிட்ஜை விட்டு நிமிந்து நிண்டாள். பிறகு, "சரி மாமா" எண்டாள்.

வதனி, உன்னட்டை உண்மையைச் சொல்லுறன். அந்தச் "சரி"யைக் கேட்க எனக்கு உள்ளுக்குள்ளை ஒரு சந்தோசம் வந்தது. எங்கட குடும்பத்திலை ஒரு ஆளாவது என்ர சொல்லைக் கேட்டது எண்ட சந்தோசம். நீ செத்துப் பதினொரு நாளிலை எனக்கு வந்த சந்தோசத்தைப் பார்!

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி அண்டு, ஐயர் என்னட்டைக் கேட்டார், "நீங்கள் ஏன் முப்பத்தொரு நாளும் துடக்குக் காத்தனீங்கள்? கலியாணம் செய்து குடுத்த சகோதரிக்கு மூண்டு நாள்தானே." நான் சொன்னன், "நான் எங்கை ஐயா குடுத்தனான்?" அவர் என்னை ஒருக்கா நிமிந்து பாத்துப்போட்டுத் தன்ர வேலையைப் பாத்தார்.

சோயி திரும்பிப் போனாள். அடுத்த சீசன் தொடங்கி மூண்டாம் கிழமை முழங்கால் சவ்வு அறுந்துபோச்சு. ஒப்பரேசன், கோல் ஊண்டி நடை, ஒரு வருசம் பந்தைத் தொடேல்லை. அதுக்கிடையிலை தேசிய அணியின்ர கோச்சும் மாறிப்போனார். புது ஆளுக்கு இவளைத் தெரியாது. அப்பதான் எனக்கு விழுந்தது அடி. அந்த ஒரு மட்சுக்குப் போயிருந்தால்? அண்டைக்கு நான் வாயை மூடிக்கொண்டு நிண்டிருந்தால்? என்ர தங்கச்சியின்ர பிள்ளையின்ர வாழ்க்கையிலை நான் மண்ணைப் போட்டிட்டன் எண்டு நினைச்சுக்கொண்டேயிருந்தன். அண்ணிக்கும் சொல்லேல்லை.

நிக்கோவைக் கொண்டு அவளின்ர பேரைக் கிரேக்க எழுத்திலை ஒரு கடதாசித் துண்டிலை எழுதுவிச்சு எடுத்தன். என்னத்துக்கு எண்டு கேட்டான். "சும்மா" எண்டன். அதை எங்கட பிரிட்ஜிலை ஒட்டிவைச்சு, தேசிய அணிப் பட்டியல் வெளிவரேக்கையெல்லாம் போனிலை எடுத்து, துண்டையும் போனையும் மாறி மாறிப் பாப்பன். நாலு வருசம் பாத்தன். ஒரு தரமும் இல்லை. அண்ணி நினைச்சா எனக்கு விசர் எண்டு.

அஞ்சாம் வருசம் ஒரு நாள், பக்டரியிலை சாப்பாட்டு மேசையிலை இருந்து பாக்கிறன், பேர் கிடக்கு! துண்டு கையிலை இல்லை, ஆனால் எனக்கு அந்த எழுத்துகள் பாடம். இருந்த இடத்திலையே அழுதுபோட்டன். பக்கத்திலை இருந்த கெயிட்டிக்காரன் பயந்துபோய் ஆரும் செத்துப்போச்சினமோ எண்டு கேட்டான். இல்லையடாப்பா, என்ர மருமகள் பந்தடிக்கப் போறாள் எண்டு சொல்லி அவனுக்கு என்ர வடையிலை ஒண்டு குடுத்தன்.

உன்ர பிள்ளை அதுக்குப் பிறகு அஞ்சு வருசம் அந்த நீலச் சட்டை போட்டாள், வதனி. முதலிலை மாற்று ஆளா வாங்கிலை குந்தியிருந்தாள். பிறகு கடைசிப் பத்து நிமிசத்துக்கு இறக்கினாங்கள். பிறகு அவள் இல்லாமல் மட்ச் தொடங்காத காலமும் வந்தது. நடுவிலை இரண்டு சீசன் இத்தாலியிலையும் விளையாடினாள். கோப்பை கீப்பை ஒண்டும் இல்லை. தோத்த மட்ச் கனக்க. ஒரு தரம் தலைவிக்குக் கால் நொந்து வெளியிலை போக, கையிலை கட்டுற பட்டியை இவளுக்குக் கட்டிவிட்டாங்கள். நானும் நிக்கோவும் அதை அவனின்ர பெரிய டீவியிலை பாத்தனாங்கள். "மச்சான், மச்சான்" எண்டு என்ர முதுகிலை அடிச்ச அடியிலை எனக்குத் தேத்தண்ணி ஊத்துண்டுபோச்சு. நீ படிப்பிச்ச சொல்லை இப்ப நல்லாத்தான் பாவிக்கிறான்.

எண்டாலும் ஒவ்வொரு மட்சிலும் எனக்கு அந்த நாலு வருசம்தான் கண்ணிலை நிக்கும். இருபத்தொண்டிலை தொடங்கியிருந்தால் எவ்வளவு விளையாடியிருப்பாள்?

போன கிழமை சோயி அஞ்சு நாள் நிண்டிட்டுப் போக வந்தவள். விமான நிலையத்திலை இருந்து நான்தான் ஏத்திக்கொண்டு போனனான், அந்த வேலை இன்னும் என்னட்டைத்தான். வீட்டை போய், அதே குசினி, அதே பிரிட்ஜ். நிக்கோ கோப்பி வைச்சுக்கொண்டு நிண்டான். அவள் சாதாரணமாச் சொன்னாள், "மாமா, நான் விடப்போறன். முழங்கால் போதும் எண்டுது. வாற மாசம் ஏதென்ஸிலை கடைசி மட்ச்." திகதியைச் சொன்னாள்.

நீ தமிழ்க் கடையிலை வாங்கி மாட்டுற கலண்டர் ஞாபகமே? நிக்கோ இன்னும் வருசா வருசம் வாங்கி அதே ஆணியிலை மாட்டுறான். ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் எழும்பிப் போய் அந்த மாசத்தை இழுத்துப் பாத்தன். அண்டைக்கு உன்ர திதி.

எனக்கு முகம் செத்துப்போச்சு. முதல் மட்சையும் இதே மாதிரி ஒண்டாலைதானே கெடுத்தனான்? அப்பிடியே கதிரையிலை இருந்து, பத்து வருசமாக் கிடந்ததைச் சொல்லிப்போட்டன். "என்னாலைதானே பிள்ளை உனக்கு அந்த நாலு வருசமும் போனது? நான் கத்தாமல் இருந்திருந்தால் நீ போயிருப்பாய்."

"மே நோன், மாமா!" எண்டாள். இல்லையாம். கண்ணை விரிச்சுக்கொண்டு என்னைப் பாத்தாள். "இவ்வளவு காலமும் இதையோ நினைச்சுக்கொண்டிருந்தனீங்கள்? நீங்கள் கத்தினது பின்னேரம். கோச் எனக்குக் காலமையே போன் எடுத்திட்டார். நான் அப்பவே வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன். அப்பாவுக்கும் சொல்லேல்லை."

"ஏன் பிள்ளை?"

"சப்பாத்தைப் போட்டுப் பாத்தனான் மாமா. கயிறு கட்டக் கை வரேல்லை. சின்னனிலை அம்மாதானே கட்டிவிடுறவ. கயிறே கட்டேலாதவள் எப்பிடி விளையாடுறது?"

"அப்ப எனக்கு ஏன் சரி எண்டு சொன்னனீ?"

அவளுக்குச் சிரிப்பு வந்திட்டுது. "அம்மா ஆஸ்பத்திரியிலை சொன்னவ. 'நான் உன்ர மாமாவின்ர சொல்லை ஒருக்காலும் கேட்கேல்லை. நீயாவது ஒருக்காக் கேள். சின்ன விசயமாப் பாத்துக் கேள்' எண்டு. எப்பிடியும் நான் போறேல்லைத்தானே. உங்களுக்கு ஒரு சரி சொன்னால் எனக்கு என்ன குறைஞ்சுபோகும்?"

அடி கள்ளி! செத்தும் என்னைப் பேய்க்காட்டிப்போட்டாய் எல்லே?

நான் சிரிச்சனோ அழுதனோ தெரியாது. நிக்கோவுக்கு அவள் கிரேக்கத்திலை சொல்ல, அவன் கோப்பியை வைச்சுப்போட்டு வந்து என்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். அண்டைக்கு வீட்டை வந்து நல்லாச் சாப்பிட்டன். நல்லா நித்திரையும் கொண்டன். நான் கத்தினது கத்தினதுதான், அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் பிள்ளையின்ர வாழ்க்கையை நான் கெடுக்கேல்லை. அது போதும் எனக்கு.

அண்டைக்கு நான் அங்கையிருந்து வெளிக்கிடேக்கை சோயி சொன்னவள், "அம்மாவுக்குப் படைக்கோணும், உங்களுக்கு வரேலாது எண்டு எனக்குத் தெரியும் மாமா, பரவாயில்லை." நான் காரை எடுத்தன். வீட்டை வந்து அண்ணியிட்டைச் சொன்னன். அவ சோறு போட்டுக்கொண்டே, "உங்கட தங்கச்சிக்கு நான் படைக்கமாட்டனே? அவவுக்குப் பிடிச்ச கத்தரிக்காய்க் குழம்பு உங்களுக்கு வைக்கத் தெரியுமே? போட்டு வாங்கோ" எண்டா. அடுத்த நாளே ரிக்கற் எடுத்தாச்சு. நிக்கோவுக்குப் பக்கத்துச் சீட்.

அதாலை இந்த முறை உன்ர திவசத்துக்கு நான் வீட்டிலை நிக்கமாட்டன், வதனி. ஏதென்ஸிலை, மைதானத்திலை இருப்பன். உன்ர கலியாணத்துக்கு நான் வரேல்லை, பக்டரியிலை நிண்டனான். இதுக்கு வருவன். சத்தியமா வருவன். உன்ர பிள்ளை நடுவிலை நிக்கேக்கை எழும்பி நிண்டு, "அடி பிள்ளை, அடி!" எண்டு தமிழிலை கத்துவன். சனம் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

நிக்கோவின்ர மச்சான்,
சோயியின்ர மாமா,
உன்ர அண்ணா.