இந்த வருஷத்து ஓலை

திருப்பதி

மாமாவுக்குப் பூங்காவனம் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? நம் பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் ஓட்டலில் பழம் வைக்கிற ஈச்சங்கூடை ஒன்று பிய்ந்துபோனது. குப்பையில் போடப் போனார்கள். நான் வாங்கிப் பின்னிக் கொடுத்தேன். "ஊர்ல உனுக்கு நெலம் கீதா?" என்று கேட்டார் சூப்பர்வைசர் தேவயானி அக்கா. "நெலம் இல்லக்கா, ஈச்ச மரம் கீது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

அப்புறம்தான் பயம் வந்தது. குன்றில் ஓலை அறுக்கும் உரிமை கேட்டு நாம் கொடுத்த மனுவுக்காக அதிகாரிகள் பார்க்க வருவார்கள். மரத்தில் மட்டை வெட்டிய தழும்புதான் நம் சாட்சி. நம் பெண்கள் எல்லாரும் வெளியூர் வேலைக்கு வந்துவிட்டோம். இந்த வருஷத்துத் தழும்பே இல்லையென்றால், விட்டுப் போய்விட்டார்கள் என்று எழுதிவிடுவார்கள்.

போனில் சொன்னால் சிரிப்பீர்கள். பொம்பளை வேலை என்று பார்க்காமல் நீங்கள் போய் அறுங்கள். குருத்தைத் தொட வேண்டாம். நம் குடிபாலாவிலிருந்து யார் இங்கே வந்தாலும் அவர்களிடம் கொஞ்சம் ஓலையைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே வேலை முடிந்தால் கை சும்மா கிடக்கிறது.

டியூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள். நான் அறுக்கிற மாதிரியே அறுங்கள், மாமா. வருகிறவர்கள் நான் அங்கேதான் இருக்கிறேன் என்று நினைக்கட்டும்.

பூங்காவனம்