பதினாறு நிறத்தில் எனக்கு இடமில்லை

என் தங்கையைக் கட்டிக்கொண்டு போய், எனக்கு முன்னால் மேலேயும் போய்ச் சேர்ந்துவிட்ட ஆசை மச்சானுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்க மாட்டேன். நீ நல்லாத்தான் இருப்பாய். உயிரோடு இருந்தபோதும் எல்லாம் உனக்குத்தான் முதலில் கிடைத்தது. செத்த பிறகும் அப்படியே நடந்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? எனக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் உன் மகள் தமிழரசிதான். வயிறு எரிகிறது என்று எழுதச் சொன்னால் சிரிக்கிறாள்.

அவள் இப்போது பாகூர் வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். மிச்ச நேரத்தில் நம் ஏரியை வைத்து ஒரு கேம் செய்கிறாள். அதற்குப் படம் போட ஒரு கருவியும் தானே செய்துகொண்டாள். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம். ஓரத்தில் நிறம் வைக்கப் பதினாறு பெட்டி. பெட்டியைத் தொட்டுவிட்டுக் கட்டத்தைத் தொட்டால் நிறம் ஒட்டிக்கொள்ளும். மருந்துக்கும் ஓர் எழுத்து இல்லை, மச்சான். எனக்கென்றே செய்தது மாதிரி இருந்தது.

ஆனால் அதில் முதலில் வந்து நின்றது யார்? நீ. தோளில் பச்சைத் துண்டு, கையில் மண்வெட்டி. உன் தொப்பையைக்கூட விடவில்லை. கரைமேல் ஜம்மென்று நடக்கிறாய்.

"என்ன எப்பம்மா போடுவ?" என்று கேட்டேன்.

"நீதான் எதிர்லயே உக்காந்துக்கினு இருக்கியே மாமா. உன்ன இன்னாத்துக்குப் போடணும்? பதினாறு கலரும் ரொம்பிப்போச்சு."

உயிரோடு இருப்பது ஒரு குற்றமா?

நம் வாய்க்காலில் தண்ணீர் முறையை உனக்குச் சொல்லத் தேவையில்லை. மடையில் கழி நட்டு அவரவர் துண்டைக் கட்டுவோம். உன் கிளிப்பச்சை ஆடினால் உன் முறை. என் செங்கல் நிறம் ஆடினால் எவனும் மடையைத் தொடமாட்டான். அந்த நினைப்புதான் என்னைக் கெடுத்தது. தமிழரசி கடைக்குப் போயிருந்தாள். பச்சைப் பெட்டியைத் தொட்டு, அவள் செய்கிற மாதிரியே அதன் நிறத்தை விரலால் இழுத்து இழுத்துச் செங்கல் ஆக்கினேன். துண்டை மாற்றிக் கட்டியாகிவிட்டது, இனி என் முறை என்று நினைத்தேன்.

மாறியது துண்டு மட்டுமா? அந்தப் பெட்டியிலிருந்து நிறம் எடுத்த எல்லாமே மாறிவிட்டது. நெல், தென்னை, தாமரை இலை, கிளி. ஏரிப் பாசனம் மொத்தமும் கருகி நின்றது.

"ஐயோ மாமா, இன்னா பண்ண? ஊரையே காயப் போட்டுட்டியே!" என்று கடையிலிருந்து திரும்பி வந்த தமிழரசி கத்தினாள்.

சத்தம் கேட்டு உன் பெண்டாட்டி வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணா, அவரு உன் துண்டப் போட்டுக்கினு நிக்கிறாரு? செத்தவரு மேலயுமா உனுக்குப் பொறாம?"

ஆமாம் என்றேன். பின்னே, பொய்யா சொல்ல முடியும்?

தமிழரசி எதையோ தட்டினாள். பச்சை திரும்பி வந்தது. உன் துண்டுக்கும் ஊர் வயலுக்கும் ஒரே பச்சை என்பதும் எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டேன். சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. அது உன் நரைக்கு மட்டுமாம். ஒரு மனுஷன் நரைக்கு ஒரு முழுப் பெட்டி!

"அத எனக்குக் குடு," என்றேன். "அவனுக்குக் கறுப்பு பூசிக்கலாம்."

அவள் அந்தப் பெட்டியை விரலால் மறைத்துக்கொண்டாள். "அப்பாவ நான் நரையோடதான மாமா பாத்தேன்," என்றாள். கடைசியாகப் பிறந்த பிள்ளை இல்லையா.

"நான் கறுப்போட பாத்தேன்டி," என்றாள் என் தங்கை. "போடு."

பெட்டியில் செங்கல் நிறம் ஏறியதும் உன் தலை மருதாணி அப்பின மாதிரி ஆகிவிட்டது. மூன்று பேரும் சிரித்தோம். பிறகு நானே விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு உனக்குக் கறுப்பு வைத்தேன். தமிழரசி பக்கத்திலேயே என்னைப் போட்டாள். செங்கல் துண்டு, எலும்பும் தோலுமான உடம்பு. தலைக்கு மட்டும், ஏரிக் கொக்குக்கு வைத்திருந்த வெள்ளை.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் பார்த்தால், நான் கிழவன், நீ மாப்பிள்ளை.

உன் பெண்டாட்டி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "பொண்ணு பாக்க வந்தப்ப இப்படித்தான் இருந்தாரு," என்றாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தக் கையால், நானே செய்துகொண்ட வினை. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

இனிமேல் அந்தக் கருவியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்கிறாள் உன் மகள். அதெல்லாம் முடியாது. உனக்கு வேண்டுமானால் ஒரு வாக்கு தருகிறேன். தினமும் தொடுவேன், என் மீசையை முறுக்குவேன், உன் தொப்பையில் இன்னும் நாலு கட்டம் சேர்ப்பேன். ஆனால் எவ்வளவு வயிறு எரிந்தாலும், என் தங்கை பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கறுப்பு முடியில் மட்டும் கை வைக்கமாட்டேன்.

உன்னைப் பார்த்து இன்னும் பொருமிக்கொண்டிருக்கும்,
உன் பெண்டாட்டியின் அண்ணன்,
கோவிந்தன்